ஆதரித்த கரத்தை மறவாத உமறுப்புலவர்

 



நாம் ஒவ்வொருவரும் இன்று நிற்கும் நிலைக்கு யாரோ ஒருவர் முதற்படி அமைத்துத் தந்திருக்கிறார். ஒருவருக்கு அலிஃப், பே ஓதிக் கொடுத்த லெப்பை. மற்றொருவருக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டிய மாமா. வேறொருவருக்கு முதல் சபருக்குக் கைமாற்றுக் கொடுத்து அனுப்பிய அண்டை வீட்டார். வளர்ந்த பின் படியை நினைப்பவர் சிலர். அதைக் கட்டியவரைத் தேடிச் செல்பவர் மிகச் சிலர். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக ஆகமாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. அந்த அளவுக்கு நன்றி மறவாமையை நம் தீன் ஈமானோடு பிணைத்து வைத்திருக்கிறது.

இவ்வாண்டு மலரில், நம் கடற்கரையோடு பெயர் கலந்துவிட்ட ஒரு பெரியாரின் வாழ்வை இந்தக் கோணத்தில் காண விழைகிறோம். அவர்தாம் சீறாப்புராணம் தந்த அமுதகவி உமறுப்புலவர் (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்வைப் பற்றிய செய்திகளுட் பல, ஆலிம்களும் புலவர்களும் வழிவழியாகச் சொல்லி வந்தவை. அவற்றை மரபுச் செய்தி என்ற அளவிலேயே இங்குத் தருகிறோம்.

அத்தர் வணிகரின் மகனார்

உமறுப்புலவரின் காலம் 1642 முதல் 1703 வரை எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. தந்தையார் செய்கு முஹம்மது அலியார். சேகு முதலியார் என்றும் ஊரார் அவரை அழைத்தனர். நறுமணப் பொருள் வணிகம் செய்தவர். மலையாளக் கரையிலிருந்து வந்து நாகலாபுரத்தில் தங்கி, பின்னர் எட்டயபுரத்தில் குடியேறியவர் என்பர். அத்தரும் சந்தனமும் அரண்மனைக்குத் தேவைப்படும் பொருள்களாதலால் எட்டயபுரம் ஜமீனோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது.

தந்தையாரின் தொழிலைத் தொடர்ந்திருந்தால் உமறு அவர்களும் நல்ல வணிகராக வாழ்ந்து மறைந்திருப்பார். அவருடைய வாழ்வைத் திருப்பிவிட்டவர் எட்டயபுரம் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவர். அவர் சைவக் குடும்பத்தைச் சார்ந்தவர்; சமுத்திர விலாசம் முதலிய நூல்களை இயற்றியவர். சமயம் வேறாயினும், அத்தர் வணிகரின் மகனிடம் தமிழ் இருப்பதைக் கண்டுகொண்டு அவர் தம் மாணவராகச் சேர்த்துக்கொண்டார். யாப்பும் அணியும் கற்பித்தார். அரசவையின் நடைமுறைகளைக் காட்டிக் கொடுத்தார். பிற்காலத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடிய நாவுக்கு முதற்பயிற்சி அளித்தவர் இந்தப் பெருமகனாரே என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

ஆசானின் மானம் காத்த மாணவர்

அந்நாளில் புலவர்கள் ஊர் ஊராகச் சென்று வாதுக்கு அழைப்பது வழக்கம். தோற்றவர் தம் பட்டத்தையும் பதவியையும் இழக்க நேரும். வாலைவாருதி என்னும் பெயருடைய வடநாட்டுப் புலவர் ஒருவர் எட்டயபுரம் வந்து கடிகைமுத்துப் புலவரை வாதுக்கு அழைத்தார். வயது முதிர்ந்த ஆசிரியர் கலங்கினார். அப்போது பதினாறு வயதே நிரம்பியிருந்த உமறு அவர்கள் ஆசிரியரின் பொருட்டு அவைக்குச் சென்று, வந்தவரை வென்று திரும்பினார் என்பது மரபுச் செய்தி.

இந்நிகழ்ச்சியைப் பலரும் புலவரின் மேதைமைக்குச் சான்றாகச் சொல்வர். நாம் அதில் மற்றொன்றையும் காண்கிறோம். கற்றுக் கொடுத்தவர் தளர்ந்த நாளில் கற்றவர் முன்னே நின்றார். வென்ற புகழை ஆசிரியரின் மானத்தைக் காக்கவே பயன்படுத்தினார். அதன் பின்னரே அன்னார் எட்டயபுரம் அவைப் புலவராக அமர்த்தப்பட்டார். உதவியவருக்குத் திருப்பிச் செய்யும் கடமை, உதவியவர் வலிமையோடு இருக்கும்போது நம் கண்ணில் படுவதில்லை. அவர் தளரும்போதுதான் அது வாசலில் வந்து நிற்கும். அந்த வேளையை உமறு அவர்கள் தவறவிடவில்லை.

கீழக்கரையிலிருந்து வந்த அழைப்பு

பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மறவர் சீமையை ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றியவர் அவரே. அவருக்கு உற்ற நண்பராகவும் ஆலோசகராகவும் விளங்கியவர் கீழக்கரைப் பெருவணிகர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர். அவரைத் தமிழுலகம் வள்ளல் சீதக்காதி என்று போற்றுகிறது. விஜயரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர் என்று சேதுபதியின் பெயரோடு இணைந்த பட்டமும் அவருக்கு இருந்தது. கப்பல் வணிகத்தில் டச்சுக்காரர்களே கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியதம்பி மரைக்காயர் குடும்பம் செல்வாக்குப் பெற்றிருந்தது. கீழக்கரையில் கல்லால் எழுப்பப்பட்டுள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசல் அவ்வள்ளலின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

பஞ்சம் சூழ்ந்த நாள்களில் அன்னதானம் செய்தவர், புலவர்களுக்கு வாரி வழங்கியவர் என்பன எல்லோரும் அறிந்தவை. படிக்காசுப் புலவர் போன்ற பிற சமயப் புலவர்களும் அவரைப் பாடிப் பரிசு பெற்றனர். ஆயினும் வள்ளலின் உள்ளத்தில் ஒரு குறை இருந்தது. தமிழில் பெரும் காப்பியங்கள் பல இருக்க, அகிலத்தின் அருட்கொடையாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைக் கூறும் காப்பியம் ஒன்று இல்லையே என்பதுதான் அது. வீடுகளில் பெண்களும் சிறுவர்களும் தம் தாய்மொழியில் கேட்டு மகிழ ஒரு சீறா வேண்டும் என அவர் விரும்பினார். எட்டயபுரத்து இளம் புலவரின் புகழ் அவர் செவிக்கு எட்டியது. அழைப்பு அனுப்பினார்.

காப்பியம் பாடுவது என்பது ஓரிரு மாதத்தில் முடியும் பணியன்று. புலவரின் குடும்பத்தைக் காக்க வேண்டும். ஏடுகளும் எழுத்தர்களும் வேண்டும். மூலச் செய்திகளை அரபு நூல்களிலிருந்து எடுத்துச் சொல்லும் ஆலிம்கள் வேண்டும். முடிந்தபின் அறிஞர் அவையைக் கூட்டி அரங்கேற்றம் நடத்த வேண்டும். இவையனைத்தையும் வள்ளல் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். எட்டயபுரம் அவையில் அரசரைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்த நாவை அண்ணல் நபி (ஸல்) அவர்களின்பால் திருப்பியது அந்த அழைப்பே. புலவரின் வாழ்வில் இதைவிடப் பெரிய உதவி வேறொன்றில்லை.

அப்பாவின் வாசலில்

வள்ளல் புலவரை மார்க்கமேதை சதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அனுப்பினார். 1632 முதல் 1703 வரை வாழ்ந்த அப்பா அவர்கள் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர்; வித்ரிய்யா என்னும் அரபுப் புகழ்மாலைக்குத் தக்மீஸ் இயற்றிய பெருங்கவிஞர்; வணக்கசாலி. அரசவைப் புலவருக்குரிய ஆடை அணிகலன்களோடு வந்து நின்றவரை அப்பா அவர்கள் உற்று நோக்கினார்கள். நாயகத்தின் வரலாற்றைப் பாட வந்தவரிடம் அதற்குரிய கோலம் இல்லையே எனக் கருதி, உரைகளைத் தர இசையவில்லை என்பது வழிவழியாகக் கேட்டு வரும் செய்தி.

மனமுடைந்த புலவர் பள்ளிவாசலில் அழுதவாறே உறங்கிப் போனார். அவ்விரவில் அவருக்கும் அப்பா அவர்களுக்கும் கனவில் நற்செய்தி கிட்டியது. விடிந்ததும் அப்பா அவர்களே புலவரை அழைத்து அன்பு காட்டினார்கள். பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணவரான லெப்பை நெய்னார் அவர்களிடம் சென்று உரைகளைப் பெறுமாறு பணித்தார்கள் என்பர்.

இங்கும் நாம் சிந்திக்க ஒரு செய்தி உண்டு. மறுத்த வாசலிலிருந்து புலவர் மனக்கசப்போடு எட்டயபுரம் திரும்பியிருக்கலாம். அங்கே பதவி இருந்தது, மரியாதை இருந்தது. அவ்வாறு திரும்பவில்லை. தம்மை அனுப்பி வைத்தவரின் நம்பிக்கையைப் பொய்யாக்க அவர் மனம் ஒப்பவில்லை. கண்டித்த ஆலிமின் கண்டிப்பையும் உதவியாகவே எடுத்துக்கொண்டார். நமக்குக் கொடுத்தவர்கள் மட்டுமே நமக்கு உதவியவர்கள் என எண்ணுகிறோம். இளமையில் தடுத்தவர்களும், திருத்தியவர்களும், காதைப் பிடித்து ஓதவைத்தவர்களும் நமக்கு உதவியவர்களே.

வள்ளல் மறைந்தார்

பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வள்ளல் சீதக்காதி இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எந்த நூலைக் காண வேண்டுமென்று ஏங்கினாரோ, அந்த நூலை முழுமையாகக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தொடங்கி வைத்தவரின் கையில் முடித்த ஏட்டைக் கொடுக்கும் வாய்ப்பு புலவருக்கும் கிட்டவில்லை.

செத்தும் கொடை கொடுத்தவர் என்று வள்ளலைப் பற்றி வழங்கும் கதையை நம் ஊர்ப் பிள்ளைகளும் அறிவர். அவர் மறைந்ததை அறியாது பரிசு பெற வந்த புலவர் ஒருவர் அடக்கத்தலத்தில் நின்று புலம்ப, கப்ரிலிருந்து மோதிரக் கை நீண்டது என்று அக்கதை கூறும். கதையைக் கதையாகவே கொள்வோம். மரணத்திற்குப் பின்னும் ஒருவரின் கொடை நில்லாமல் தொடரும் என்பதற்கு மார்க்கத்தில் வேறு உறுதியான ஆதாரம் உண்டு. நிலையான தர்மம், பயனளிக்கும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றும் ஒருவர் மரணித்த பின்னும் நன்மையைக் கொண்டு சேர்க்கும் என்பது முஸ்லிம் நூலில் வரும் நபிமொழியின் கருத்து. வள்ளலின் கை நீண்டது சீறாப்புராணத்தின் வழியாகத்தான். அந்தக் கையை நீளச் செய்தவர் உமறுப்புலவர்.

ஆதரவாளர் மறைந்ததும் பணியைக் கைவிட்டிருந்தால் அவரை யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஒப்பந்தம் செய்தவர் இல்லை, கேட்பவரும் இல்லை. ஆயினும் புலவர் ஏட்டைக் கீழே வைக்கவில்லை. பரங்கிப்பேட்டைச் செல்வர் அபுல் காசிம் மரைக்காயர் அவர்கள் முன்வந்து ஆதரிக்க, பணி தொடர்ந்தது, அரங்கேற்றமும் நடைபெற்றது. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5,027 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் தமிழுக்குக் கிடைத்தது.

சொல்லப்படாத பெயர்

சீறாப்புராணத்தை ஓதுவோர் ஒரு வியப்பை அடைவதுண்டு. அபுல் காசிம் மரைக்காயரைப் புலவர் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வாயாரப் புகழ்கிறார். சீதக்காதியின் பெயரோ காப்பியத்தில் இடம்பெறவில்லை. முதலில் அழைத்தவரைப் புலவர் மறந்தாரா என்று சிலர் கேட்பர். அறிஞர் பலர் பலவாறு காரணம் கூறுவர்.

வள்ளலைப் பற்றிய திருமண வாழ்த்தும் நொண்டி நாடகமும் உமறுப்புலவரின் பெயரால் வழங்குகின்றன. வள்ளல் வாழ்ந்த நாளில் அவருக்குரிய புகழ்மொழிக்குக் குறைவில்லை என்பதை அவை காட்டுகின்றன. உயிரோடு இருப்பவருக்கு நாவால் நன்றி சொல்லலாம். அவர் செவி குளிரும். மண்ணுக்குள் சென்றவருக்கு நம் புகழ்மொழி எதற்கு உதவும்? அவர் விரும்பிய நற்செயலை முடிப்பதும், அவருக்காக இறைவனிடம் இரு கையேந்துவதும்தாம் அவரைச் சென்றடையும். இந்நூலை ஓதுவோரும் கேட்போரும் பெறும் நன்மையில் அதற்கு வித்திட்டவருக்கும் பங்குண்டு என நம்புகிறோம். பெயர் எழுதப்படாத இடத்திலும் நன்றி இருக்க முடியும் என்பதே எமது எண்ணம். பள்ளிவாசல் கல்வெட்டில் தம் பெயர் விடுபட்டது என வருந்துவோரும் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம்.

புலவர் எட்டாத படலம்

விலாதத்துக் காண்டத்தில் அன்னை ஹலீமா (ரலி) அவர்கள் குழந்தை முஹம்மத் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்ததைக் கூறும் அலிமா முலையூட்டுப் படலம் உண்டு. வறண்ட ஆண்டில், தந்தையற்ற குழந்தையைப் பிறர் ஏற்கத் தயங்கிய வேளையில், பனூ ஸஅத் குலத்து அந்த ஏழைத் தாய் ஏற்றுக்கொண்டார். அண்ணலாரின் பச்சிளம் பருவத்தில் உதவிய கரம் அது.

அக்கரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு மீண்டும் சந்தித்தார்கள் என்பதை ஸீரா நூல்கள் கூறுகின்றன. அன்னை கதீஜா (ரலி) அவர்களை மணந்து வாழ்ந்த காலத்தில், பஞ்சத்தால் வாடிய ஹலீமா (ரலி) அவர்கள் மக்கா வந்தார்கள். அவருக்கு நாற்பது ஆடுகளும் ஓர் ஒட்டகமும் அளித்து அனுப்பியதாக இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போர் முடிந்தது. எதிர்த்து நின்ற ஹவாஸின் கூட்டத்தில் பனூ ஸஅத் குலத்தாரும் இருந்தனர். கைதிகளிடையே ஒரு பெண்மணி, தாம் உங்கள் தலைவரின் பால்குடிச் சகோதரி என்றார். ஷைமா என்பது அவர் பெயர். காவலர் நம்பவில்லை. நாயகத்தின் முன் கொண்டுவரப்பட்டபோது, சிறுவயதில் இடுப்பில் சுமந்த நாளில் அவர்கள் கடித்த பல் தழும்பைக் காட்டினார். அண்ணலார் அடையாளம் கண்டுகொண்டார்கள். தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள். கண்கள் கலங்கின. தம்மோடு தங்குவதானாலும், பொருளோடு தம் கூட்டத்தாரிடம் திரும்புவதானாலும் அவர் விருப்பம் என்றார்கள். அவர் தம் மக்களிடமே திரும்ப விரும்பினார். அன்பளிப்புகளோடு அனுப்பி வைத்தார்கள்.

பின்னர் ஜிஇர்ரானாவில் ஹவாஸின் தூதுக்குழு வந்து, கைதிகளிடையே தங்களை வளர்த்த செவிலித்தாயரின் உறவினரும் உள்ளனர் என்று பால்குடி உறவை நினைவூட்டி வேண்டியது. சுமார் ஆறாயிரம் கைதிகள் விடுதலை பெற்றனர். ஒரு தாய் ஒரு குழந்தைக்கு ஊட்டிய பால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு ஒரு குலத்தையே விடுவித்தது.

உமறுப்புலவரின் ஏடு இந்நிகழ்ச்சியை எட்டவில்லை. ஹிஜ்ரத்துக் காண்டம் உறனிய்யீன் வரலாற்றோடு, அதாவது ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்னும் பெயரில் பின்னர்ப் பாடி முடித்தார். பால் கொடுத்த படலத்தை உள்ளம் உருகப் பாடிய புலவர், அப்பாலுக்கு நன்றி செலுத்தப்பட்ட படலத்தைப் பாடக் கொடுத்துவைக்கவில்லை. தம்மை ஆதரித்தவரை இழந்து தவித்த அவர் நாவினால் அந்தச் சந்திப்பு பாடப்பட்டிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என எண்ணும்போது நம் உள்ளம் ஏங்குகிறது.

உதவியவர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் நாயகத்தின் வாழ்வில் வழிகாட்டல் உண்டு. தாயிஃபிலிருந்து மனம் புண்பட்டுத் திரும்பிய நாளில், மக்காவுக்குள் நுழையப் பாதுகாப்பு அளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்காமலே மறைந்தவர். பத்ருப் போரில் கைதிகள் பிடிபட்டபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அனைவரையும் அவருக்காக விட்டிருப்பேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை புகாரீ நூல் பதிவு செய்துள்ளது. உதவியவரின் சமயத்தைப் பார்த்து நன்றியை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கடிகைமுத்துப் புலவரின் மானம் காத்த உமறு அவர்கள் இந்த ஸுன்னத்தின் வழியிலேயே நடந்தார்கள்.

எட்டயபுரத்து மண்

கீழக்கரையும் பரங்கிப்பேட்டையும் புகழ் தந்தன. ஆயினும் புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். தமக்கு முதன்முதல் எழுத்தும் இடமும் தந்த மண்ணிலேயே அன்னார் துயில்கிறார். தமிழக அரசு அங்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

அன்னார் விட்டுச் சென்ற ஏடுகளையும் நன்றியுள்ள கரங்களே காத்தன. நெடுங்காலம் ஓலைச்சுவடியாகவே இருந்த சீறாப்புராணத்தைத் தேடித் தொகுத்து 1842இல் அச்சேற்றியவர் புலவர் நாயகம் எனப் போற்றப்படும் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை கண்டார். தாம் ஓதி வளர்ந்த நூலுக்குத் திருப்பிச் செய்யும் கடனாகவே அப்பெருமக்கள் இதனைக் கருதினர் போலும்.

நமக்குரிய பாடம்

நம் காலத்திலும் நம் கரையில் சான்று உண்டு. இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களுக்குச் சிறுவயதில் உலகத்தை எடுத்துச் சொன்னவர் அஹ்மத் ஜலாலுத்தீன் அவர்கள். சென்னையில் பொறியியல் கல்லூரிக் கட்டணத்திற்குத் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் மூத்த சகோதரியார். 1970களில் தும்பாவில் பணியிலிருந்தபோது, மைத்துனரும் வழிகாட்டியுமான ஜலாலுத்தீனின் மரணச் செய்தி அவருக்கு எட்டியது. இரவெல்லாம் பேருந்துகளில் பயணம் செய்து ஊர் வந்து சேர்ந்தார். உயிரோடு காண முடியவில்லை. ஆயினும் தம் தன்வரலாற்றில், தம்மை உருவாக்கியவர்களின் முன்வரிசையில் அவரை வைத்தார். 2015இல் அவரும் மறைந்து பேய்க்கரும்பில் அடங்கினார். நாட்டின் முதல் குடிமகனாக உயர்ந்தவருக்கும் இந்த ஏக்கம் இருந்தது என்றால், நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஏனெனில் நம் ஜமாஅத்தில் பெரும்பாலோர் சபராளிகள். விடுப்பில் வரும் ஒரு மாதத்தில் நிக்காஹ், வலீமா, வீட்டு வேலை, வங்கி வேலை என நாள்கள் கழிந்துவிடுகின்றன. ஓதிக் கொடுத்த உஸ்தாது அடுத்த தெருவில் கண் மங்கி அமர்ந்திருப்பார். முதல் சபருக்குப் பணம் புரட்டித் தந்தவர் நோயில் படுத்திருப்பார். அடுத்த விடுப்பில் பார்ப்போம் என்கிறோம். அடுத்த விடுப்பில் கப்ரைத்தான் பார்க்கிறோம். ஜனாஸாவுக்கு வராதவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் இரங்கலால் அந்த முதியவரின் இறுதி ஆண்டுத் தனிமை தீர்ந்துவிடுமா?

ஆகவே ஜமாஅத்தார்களிடம் மூன்று செய்திகளை அன்போடு முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொருவரும் தமக்கு இளமையில் உதவியவர்களின் பெயர்களை நினைத்துப் பார்த்து, உயிரோடு இருப்போரை அடுத்த ஜும்ஆவுக்குள் சென்று காண வேண்டும். வெறுங்கையோடு சென்றாலும் குறைவில்லை. தம்மை இன்னார் எனச் சொல்லி, அவர் செய்த உதவியை அவர் காதுபடச் சொன்னாலே போதும். செய்தவர் அதை மறந்திருக்கக்கூடும். பெற்றவர் சொல்லும்போதுதான் தம் வாழ்வு வீணாகவில்லை என அவர் உள்ளம் நிறையும். முஸ்லிமல்லாத ஆசிரியரும் அண்டை வீட்டாரும் இதில் அடங்குவர்.

இரண்டாவது, மறைந்துவிட்டவர்களுக்காக துஆச் செய்வதோடு, அவர்களின் மக்களையும் நண்பர்களையும் ஆதரிக்க வேண்டும். தந்தையின் நேசர்களோடு உறவைப் பேணுவது சிறந்த நற்செயல் என்னும் நபிமொழியை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்கள், வழியில் கண்ட ஒரு கிராமவாசியின் தந்தை தம் தந்தையின் நண்பர் என்பதற்காகத் தம் வாகனத்தையும் தலைப்பாகையையும் அவருக்கு அளித்தார்கள் என்பது முஸ்லிம் நூலில் உள்ள செய்தி.

மூன்றாவது, அவர்கள் தொடங்கி முடிக்காமல் விட்ட நற்பணி ஏதேனும் இருந்தால் அதை முடித்து வைக்க வேண்டும். அது பாதியில் நின்ற மக்தப் கட்டடமாக இருக்கலாம். ஒரு அநாதைப் பிள்ளையின் படிப்பாக இருக்கலாம். உமறுப்புலவர் வள்ளலுக்குச் செய்தது இதுவே.

எதிர்வரும் ரபீஉல் அவ்வல் மாதத்தில் மவ்லிது மஜ்லிஸோடு, நம் ஊரில் முன்பு ஓதிக் கொடுத்த முதிய உஸ்தாதுமார்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்தி கண்ணியப்படுத்தும் நிகழ்ச்சியையும் நிர்வாகக் கமிட்டியார் சேர்த்துக்கொள்ள வேண்டுமென இம்மலரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல நாயன், உமறுப்புலவர் (ரஹ்) அவர்களின் பணியைக் கபூல் செய்வானாக! வள்ளல் சீதக்காதி, அபுல் காசிம் மரைக்காயர் ஆகியோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! நமக்கு உதவியவர்களின் முகத்தை அவர்கள் உயிரோடிருக்கும்போதே காணும் பாக்கியத்தையும், மறைந்தோரை ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸில் சந்திக்கும் பாக்கியத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.